இரண்டு சிபேப் கருவிகளின் தரவை ஒரே அட்டவணைக்குக் கொண்டுவந்த விதம்

தூக்க மூச்சுத்திணறலுக்கு நான் பயன்படுத்தும், முகமூடி வழியே அழுத்தமான காற்றைச் செலுத்தும் சிபேப் கருவியை மாற்றியபோது, பழைய கருவியின் நினைவக அட்டையில் தயாரிப்பாளருக்கே உரிய கோப்புகளும், புதியதில் மருத்துவப் பதிவுகளைச் சேமிக்க 1992-இல் வெளியான இடிஎஃப் என்னும் பொதுக் கோப்பு வடிவத்தைச் சார்ந்த கோப்புகளும் இருந்தன. ஆஸ்கர் என்னும் கட்டற்ற மென்பொருள் இரண்டையும் படித்துவிட்டதால், கோப்பைத் திறப்பதில் சிக்கல் இல்லை.

உண்மையான வேலை காற்றுக்கசிவில்தான் இருந்தது. புதிய கருவி, முகமூடியின் ஓரங்களில் தவறிப்போகும் காற்றை மட்டும் வினாடிக்கு லிட்டரில் பதிந்திருந்தது. 60-ஆல் பெருக்கியதும் 0.4 என்பது நிமிடத்துக்கு 24 லிட்டர் ஆயிற்று. பழையதோ முகமூடித் துளைகள் வழியே வேண்டுமென்றே வெளியேற்றப்படும் காற்றையும் சேர்த்த மொத்த அளவைத் தந்தது. அந்த வெளியேற்றம் அழுத்தத்துக்கேற்பக் கூடும் என்பதால், ஒரே எண்ணைக் கழிக்காமல், முகமூடிக் கையேட்டின் அட்டவணைப்படி ஒவ்வொரு அழுத்தத்துக்கும் உரிய அளவைக் கழித்தேன்.

நள்ளிரவைத் தாண்டும் உறக்கம் இரு நாள்களாகப் பிரியாதிருக்க, நண்பகல் முதல் மறுநாள் நண்பகல் வரை ஒரே நாளாகக் கொண்டேன். மூச்சு நிற்பதையும் குறைவதையும் சேர்த்து எண்ணும் மூச்சுத்தடை எண்ணிக்கையை மட்டும் ஒன்றாக்கவில்லை. மூச்சுக் குறைவை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கான கணக்கீட்டில் கண்டறிவதால், கருவியின் பெயருக்குத் அட்டவணையில் தனி நெடுவரிசை வைத்து அவற்றைப் பிரித்தே மருத்துவரிடம் காட்டுகிறேன்.