புதிதாகப் பூட்டிய கணினி அடிக்கடி ஹேங் ஆனால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி வந்து, கடலூரிலோ புதுச்சேரியிலோ வீட்டு மேசையில் வைத்துத் தாமே கணினியைப் பூட்டிக்கொள்பவர்கள் இன்று பலர். விண்டோஸ் ஏறி, எல்லாம் முடிந்தது என்று நினைத்த வேளையில் திரை அப்படியே நின்றுவிடுகிறது; பட்டனை அழுத்தி அணைத்து எழுப்பினால் சற்று நேரம் ஓடி மறுபடியும் நிற்கிறது. பழைய கணினி என்றால், நேற்றுவரை ஓடியதில் இன்று எதை மாற்றினோம் என்று யோசித்தே பாதிக் காரணத்தைப் பிடித்துவிடலாம். புதுக் கணினிக்கு அத்தகைய நேற்று கிடையாது. அதன் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு இணைப்பும் இன்னும் சோதிக்கப்படாதது. ஆகவே கோளாறைத் தேடும் முன், குறைந்த பாகங்களோடு அடிப்படை வேகத்தில் தடையின்றி ஓடும் ஒரு நிலையை முதலில் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் நேரே தீர்வுக்குத் தாவுவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

அவற்றுள் முதலாவது, உடனே விண்டோஸை மறுபடி நிறுவுவது. ரேமில் கோளாறு இருக்கும்போது நிறுவினால், நகலாகும் கோப்புகளே சிதைந்து டிஸ்க்கில் பதியக்கூடும். பிறகு ரேமை மாற்றினாலும் ஹேங் தொடரும். நல்ல ரேமையும் சந்தேகிக்க நேரிடும். வன்பொருள் நம்பகமானது என்று தெரிந்த பிறகே மறுநிறுவலுக்குப் பொருள் உண்டு.

ஹேங் எவ்வகையானது என்று கவனிக்காமல் விடுவது இன்னொரு தவறு. திரை நின்றதும் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். விசைப்பலகையில் விளக்கு மாறினால் கணினி முற்றிலும் முடங்கவில்லை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கையும் ஒருசேர அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும், அப்போது திரை மீண்டுவிட்டால் சந்தேகம் கிராபிக்ஸ் பக்கம் திரும்புகிறது. விளக்கு மாறாமல், ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே ஒலியில் சிக்கி இரைந்தால் ரேம், பிராசஸர், மதர்போர்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சில நொடிகள் நின்று தானே மீள்வது பெரும்பாலும் டிஸ்க்கின் வேலை. திடீரென அணைந்து எழுவது ஹேங்கே அல்ல. அதற்கு மின்சாரத்தையும், அதைப் பாகங்களுக்குப் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்து கெர்னல்-பவர் 41 என்ற பதிவைக் கண்டதும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. கணினி முறையாக மூடப்படவில்லை என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதையும் சொல்வதில்லை. நீங்கள் பட்டனை அழுத்தி அணைத்தாலும் அதுதான் பதிவாகும். தேட வேண்டியது டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரை. அது இருந்தால், வன்பொருளே தன் பிழையைத் தெரிவித்திருக்கிறது என்று பொருள்.

இனி ரேம். புதுக் கணினி நின்று போவதற்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருக்கும் டிடிஆர்5 ரேமின் அடிப்படை வேகம் பொதுவாக 4800 அல்லது 5600தான். அச்சிட்ட வேகம் வேண்டுமானால், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்க வேண்டும். அது ஓவர்கிளாக், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் வகையைச் சேர்ந்தது என்பதைப் பலர் உணர்வதில்லை. ரேம் அந்த வேகத்தைத் தாங்கினாலும், பிராசஸரில் ரேமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலரும் மதர்போர்டும் தாங்க வேண்டுமே. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி குறிப்பிடும் உச்ச வேகம் இரண்டு ரேம் ஸ்டிக்குகளுக்கு 5200. நான்கு போட்டால் 3600 மட்டுமே. இரண்டு ஸ்டிக் கொண்ட ஜோடியை வாங்கி, சில வாரங்கள் கழித்து அதே பெயரில் இன்னொரு ஜோடியைச் சேர்த்து, நான்கையும் 6000இல் ஓட்ட முயல்வது தொல்லையை விலைகொடுத்து வாங்குவதாகும்.

எனவே எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ஹேங் நின்றுவிட்டால் காரணத்தை நெருங்கிவிட்டீர்கள். நிற்காவிட்டால் ஒரே ஒரு ஸ்டிக்கோடு ஓட்டி, பிறகு அதே இடத்தில் மற்றதைப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஸ்டிக்குகள் என்றால், பெரும்பாலான மதர்போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளே உரியவை. கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, இரவில் நான்கு சுற்றும் ஓட விடுங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு ரேம் நல்லது என்று சொல்வதில் பயனில்லை. காலையில் ஒரே ஒரு பிழை தெரிந்தாலும் அந்த அமைப்பு தேறவில்லை. டிடிஆர்5 ரேமை மாற்றிய பின் முதல் முறை எழும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். மதர்போர்டு அப்போது ரேமுக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது. பொறுக்காமல் சுவிட்சை அணைத்துவிடக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எப்போது மின்சாரம் போகும் என்று தெரியாத ஊரில் பயாஸைப் புதுப்பிக்க அஞ்சுவது இயல்புதான். அதற்காகப் புதுப்பிக்காமலே இருப்பதும் தவறு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றில், தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தால் நிலையின்மை ஏற்படுவதை அந்நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பிராசஸரின் உள்கட்டளைகளான மைக்ரோகோடைத் திருத்தி வெளியிட்டது. கடையில் வெகுநாள் இருந்த மதர்போர்டில் பழைய பயாஸ் இருந்தால் அந்தத் திருத்தம் அதில் இராது. ஏற்கெனவே பழுதடைந்த பிராசஸரை இத்திருத்தம் மீட்காது என்பதால், அத்தகைய பிராசஸரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு, கணினியை யுபிஎஸ்ஸில் இணைத்து, மழை ஓய்ந்த நேரத்தில் புதுப்பித்தால் போதும்.

சித்திரை, வைகாசி வெயிலில் எல்லாவற்றுக்கும் சூட்டையே காரணம் காட்டுகிறோம். இன்றைய பிராசஸர் 95 அல்லது 100 டிகிரியை எட்டினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். அசையாமல் நின்றுபோவது சூட்டின் வழக்கமான அடையாளமன்று. ஆனாலும் கூலரின் அடியிலும் எஸ்எஸ்டியின் ஹீட்சிங்க்கிலும் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தோமா என்று பார்த்துவிடுவது நல்லது. உப்புக்காற்றின் மேல் பழிபோடுவதும் பொருந்தாது. அதன் அரிப்பு தெரிய மாதங்களோ ஆண்டுகளோ ஆகும், போன வாரம் பூட்டிய கணினியில் அதைத் தேட வேண்டியதில்லை.

ஒரு நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்ஸில் மற்றொரு நிறுவனத்தின் கழற்றி மாட்டும் கேபிளைப் பொருத்துவது மிக ஆபத்தானது. பிளக் பொருந்தினாலும் உள்ளே கம்பி வரிசை வேறாக இருந்தால் பாகங்கள் கருகிவிடும். கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது என்றால் வீட்டு எர்த் சரியில்லை. ஹேங்குக்கு அது நேர்க்காரணமாக இருப்பது அரிது என்றாலும், எலக்ட்ரீஷியன் அதைச் சரிசெய்யும்வரை உள்ளே கைவைக்காதீர்கள்.

எளிதில் கண்ணில் படாத ஒன்றும் உண்டு. பழைய கணினியிலிருந்து குடும்பப் படங்களுக்காகக் கழற்றி மாட்டிய ஹார்டு டிஸ்க்கில் பேட் செக்டர் எனப்படும் பழுதான பகுதி இருந்தால், அதைப் படிக்க முயலும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் திணறும். ஈவன்ட் வியூவரில் 129 என்ற எண்ணுடன் டிஸ்க் ரீசெட் ஆன பதிவுகள் வந்தால், அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

எதைச் செய்தாலும் ஒருமுறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்து, தேதியோடு குறித்து வையுங்கள். ஒரு பாகம்தான் குற்றவாளி என்று தோன்றினால், அதை மறுபடி பொருத்தி ஹேங் திரும்ப வருகிறதா என்று பார்த்த பிறகே கடைக்கு அனுப்புங்கள். கழற்றி மாட்டியதில் தளர்ந்த இணைப்பு இறுகியதாலேயே கோளாறு மறைந்திருக்கலாம். ஹேங்கைக் கைப்பேசியில் படமெடுத்து, மெம்டெஸ்ட் பிழைத் திரையோடு பில்லும் பெட்டியும் சேர்த்துக் கொண்டுபோனால், கடைக்காரர் தம் மேசையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்ப முடியாது. ஜோடியாக வாங்கிய ரேமில் ஒன்று பழுதானாலும் இரண்டையும் சேர்த்தே கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.