ஆல்பம் வேலையில் பாடகரும் புரொடியூசரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடிக்குள் அம்மன் ஆல்பம் வந்தாக வேண்டும் என்ற அவசரத்தில் வேலூர், குடியாத்தம் பக்கத்துப் பாடகர்கள் பாட்டை செல்போனில் பாடி அனுப்பிவிட்டு, பின்னணி இசை டிராக் முழுதாகத் தயாரான பிறகுதான் புரொடியூசரோடு உட்காருகிறார்கள். மற்ற தவறுகளெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதல் அடி கட்டையில், அதாவது பாடும் சுருதியில் விழும். திருவிழா மேடையில் பம்பைச் சத்தத்தை மீறுவதற்காக ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவருக்கு, ஸ்டுடியோ மைக் முன் அவ்வளவு தேவைப்படாது. பல்லவியின் தாழ்ந்த வரி, சரணத்தின் உச்ச வரி இரண்டையும் பாடிப் பார்த்துவிட்டுக் கட்டையைக் குறியுங்கள். கீபோர்டில் புரோகிராம் செய்ததை நொடியில் இறக்கிவிடலாம். வாசித்துப் பதிவான நாதஸ்வரத்தை அரைக் கட்டை இறக்கினாலே அதன் உயிர் போய்விடும். "அண்ணா, அரைக் கட்டை இறக்குங்களேன்" என்று அந்த நேரத்தில் கேட்கக் கூச்சப்பட்டு, தொண்டையைக் கிழித்துப் பாடிவிட்டு வருகிறார்கள்.

வேகமும் அப்படித்தான். அம்மன் வர்ணிப்பு ஒரே ஓட்டத்தில் போவதில்லை. நிதானமாகத் தொடங்கி, சாமி இறங்கும் இடத்தில் உடுக்கை தானாக முடுக்கும். அதை முதலிலிருந்து கடைசிவரை நிமிடத்துக்கு 100 தட்டு (100 பிபிஎம்) என்று சீராக ஒலிக்கும் கிளிக்கில் கட்டிப்போட்டால் பாட்டு நகராது. பம்பைக்காரரையும் பாடுபவரையும் ஒன்றாக உட்காரவைத்து, கிளிக் இல்லாமல் ஒருமுறை பதிவு செய்யுங்கள். 96-ல் தொடங்கி 106-ல் முடிகிறதா? டெம்போவை அதன்படியே அமையுங்கள். இதற்கு அரை நாள் செலவாகும். ஆனால் ஆல்பத்தின் குணமே அங்கேதான் உருவாகிறது.

சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோட்யூன் மென்பொருளைக் கண்மூடித்தனமாக ஓட்டாதீர்கள். கூத்துப் பாட்டின் குழைவைப் பிசிறு என்று எண்ணி அது நேராக்கிவிடும்.

காட்பாடியில் காலை ரயிலேறி, சென்னையில் இறங்கியதும் ஐந்து பாட்டு பாடுவது வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு போதும்.

"நம்ம அண்ணன்தானே" என்று வாய்ப்பேச்சோடு விடுவது பெரிய தவறு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றே கொள்ளப்படும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் தங்களுக்குரிய சமபங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. பாடியவருக்கும் 50 ஆண்டு நிகழ்த்துநர் உரிமை உண்டு. பரம்பரை மெட்டு பொதுச்சொத்து. கூத்து வாத்தியார் சொந்தமாகக் கட்டிய வரிகளுக்கு அவரிடம் அனுமதி கேளுங்கள், பெயரும் போடுங்கள்.

கடைசிப் பணத்தைக் கொடுக்கும் முன், ஒவ்வொரு வாத்தியத்தின் தனி டிராக்கையும் ஹார்டு டிஸ்க்கில் வாங்கிக்கொள்ளுங்கள். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பாட அழைத்தால், குரல் நீக்கிய டிராக் அன்றைக்கே கைக்கு வேண்டும். அந்த நேரத்தில் புரொடியூசர் போன் எடுப்பாரா என்று காத்திருக்க முடியாது.