ஊரை வழியில் வைக்காதீர்கள்

பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கிற இடத்தில் காலை நனைத்துக்கொண்டு, ஆற்றை ஒட்டியே மேற்கே போய், ஒன்பதாம் நாள் குடகில் தலைக்காவிரியைப் பார்ப்பதாகத் திட்டம். கும்பகோணத்தில் ஒன்றாகப் படித்த நாலு பேர், ஒரு இன்னோவா, ஒரு டிரைவர். டொராண்டோவில் உட்கார்ந்துகொண்டு மேட்டூர், ஒகேனக்கல், ஸ்ரீரங்கப்பட்டணம் என்று ஒவ்வொரு ராத்தங்கலையும் குறித்தது நான்தான். மற்ற மூன்று பேரும் போய்ச் சேர்ந்தார்கள். நான் கும்பகோணத்தைத் தாண்டவில்லை.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊரைப் பயணத்தின் நடுவில் வைக்காதீர்கள். எல்லாம் சுற்றி முடித்து, விமானத்துக்கு நாலு நாள் இருக்கும்போது போங்கள்.

எப்போது போவது என்பதற்கு மேட்டூர் அணைதான் காலண்டர். வழக்கப்படி ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். அணையில் தண்ணீர் இருப்பதைப் பொறுத்து தேதி முன்பின் ஆகும். மார்ச்சில் வந்தால் மணலைப் பார்த்துவிட்டுப் போகலாம். பூம்புகாரில் அகண்ட ஆற்றை எதிர்பார்த்தும் ஏமாற வேண்டாம். வெள்ளம் முக்கொம்பிலேயே கொள்ளிடத்தில் இறங்கிவிடுகிறது. கடலுக்கு வரும் காவிரி ஒரு வாய்க்கால் அளவுதான். நண்பன் ஒருவன், "இதுக்காடா துபாய்ல இருந்து வந்தேன்?" என்றான்.

நாங்கள் போனது பொங்கலுக்கு முந்தின வாரம். சம்பா அறுவடை தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் ரோட்டில் பாதி நெல் காயும், மீதியில் அறுவடை மெஷின் வரும். மணிக்கு முப்பது கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள். கோயில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். டிரைவருக்குப் பேட்டா எவ்வளவு, ராத்திரி எங்கே படுப்பார் என்பதை ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.

மயிலாடுதுறை தாண்டும்போது சித்தப்பா போன் பண்ணினார். "வழிதானே தம்பி. ஒரு எட்டு வந்துட்டுப் போ. ஒரே ஒரு கையெழுத்துதான்."

தாத்தா நிலம் இன்னும் கூட்டுப் பட்டாவில் கிடக்கிறது. அப்பா பங்கு மூன்று மா, ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மி. உழுவது சித்தப்பா. சொசைட்டிக் கடன், பயிர் இன்சூரன்ஸ், கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவது என்று எதற்குப் போனாலும் என் பெயர் குறுக்கே நிற்கிறது. என் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அக்கா போன வருடமே கொடுத்துவிட்டாள்.

பதிவு அலுவலகத்தில் டோக்கன் பதினொன்றரைக்கு. பதினொன்றரைக்கு சர்வர் இல்லை. இரண்டு மணிக்கு சர்வர் வந்தது, ஆதார் கேட்டார்கள். எனக்கு ஆதார் இல்லை, கனடா பாஸ்போர்ட், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளிக்காரருக்குத் தரும் ஓசிஐ அட்டை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இதுல அப்பா பேரு உங்க பேரா இருக்கே சார்" என்றார். இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயராக்கியதில் வந்த வினை. பட்டாவிலோ அப்பா 'கோவிந்து'. பாஸ்போர்ட்டில் கோவிந்தசாமி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று விஏஓ எழுதிக் கொடுத்து, தாலுகா ஆபீஸ் போய் வரவேண்டுமாம். விஏஓ கொள்முதல் நிலையத்தில் இருந்தார். மறுநாள் வேறு ஊரில். சித்தப்பாவின் டிவிஎஸ் 50-ல் பின்னால் உட்கார்ந்து, வயிற்றில் பாஸ்போர்ட்டைச் செருகிக்கொண்டு இரண்டு நாள் அவரைத் துரத்தினேன். மூன்றாம் நாள் போகி. அப்புறம் வரிசையாகப் பொங்கல் லீவு.

ஆகவே புறப்படும் முன்பே செய்யுங்கள்: பட்டாவையும் வில்லங்கத்தையும் இணையத்திலேயே பார்க்கலாம். அதிலுள்ள பெயரையும் பாஸ்போர்ட் பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஓசிஐ வைத்திருப்பவர் விவசாய நிலம் வாங்க முடியாது, ஆனால் வாரிசாக வருவது வரும். அந்த வித்தியாசத்தைத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு விளக்கப் போகாதீர்கள்.

ஜெராக்ஸ் கடையில் சித்தப்பா மஞ்சப்பையைக் கவிழ்த்தார். கிஸ்தி ரசீதுகள், தாத்தாவின் ரேஷன் கார்டு, அப்பாவின் இறப்புச் சான்று, அதற்கடியில் என் பத்தாம் வகுப்பு டிசி, நாலாக மடித்து. நானே தொலைந்துவிட்டதாக நினைத்தது. "எதுக்கும் இருக்கட்டும்னு வெச்சிருந்தேன்" என்றார்.

2020 மே மாதம் அம்மா போனபோது விமானம் இல்லை. சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். அதை அவர் இந்த மூன்று நாளில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுக்கொண்டு காரில் ஏறியிருப்பேன்.

நண்பர்கள் கும்பகோணத்தில் அறை எடுத்து எனக்காக இரண்டு நாள் காத்திருந்தார்கள். தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் பார்த்தார்கள். இரவு நானும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்றால், ரிசப்ஷன் பையன் வெளிநாட்டவருக்கான சி படிவத்தை எடுத்தான். பாஸ்போர்ட் நகல், விசா விவரம், எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள். மூன்று வருடம் படித்த ஊர். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீங்களும் நகல் நாலைந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில், "நீங்க கிளம்புங்கடா" என்று சொல்லி, கடையில் டிகிரி காபி குடித்துவிட்டு அனுப்பினேன். பையை மாற்றி எடுத்துப் போய்விட்டார்கள். பொங்கலுக்குச் சித்தி எடுத்துக் கொடுத்த வேட்டிதான் எனக்கு.

கையெழுத்துப் போடாமலே விமானம் ஏறினேன். இனி ஒரே வழி பவர், அதாவது என் சார்பில் ஊரில் ஒருவர் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கும் பத்திரம். இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினால், இந்தியா போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். வரைவைப் பத்திர எழுத்தரிடம் எழுதி வாங்கிச் சித்தப்பா மறுவாரமே அனுப்பிவிட்டார். அப்பா பெயருக்குப் பக்கத்தில் "என்கிற கோவிந்து" என்று சேர்த்திருக்கிறது. பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். இது ஆகஸ்ட்.