போடோனி வகை எழுத்தில் கல்யாணப் பத்திரிகை: கோடு அறுந்துபோகாமல் அச்சடிக்க

பெங்களூரு சுல்தான்பேட்டையில் பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போது, மணமக்கள் பெயரை ஆங்கிலத்தில் போடோனி, டிடோ, பிளேஃபேர் டிஸ்ப்ளே போன்ற எழுத்தில் கேட்பதுண்டு. தடித்த கோடும் இழை போன்ற கோடும் அடுத்தடுத்து வருவதுதான் இவற்றின் அழகு. அச்சில் முதலில் அடிபடுவதும் அந்த மெல்லிய கோடுதான்.

அதனால் தாளையும் அச்சு முறையையும் முதலில் முடிவு செய்யுங்கள், எழுத்து அப்புறம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் பார்மாவில் போடோனி என்ற அச்சுக்காரரும் பாரிஸில் டிடோ குடும்பத்தாரும் இவ்வளவு மெல்லிய கோட்டை அச்சில் கொண்டுவர முடிந்ததற்கு வழவழப்பான தாளும் ஒரு காரணம். இன்றும் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஆர்ட் கார்டில், அதாவது வழவழப்பான கெட்டி அட்டையில், ஆஃப்செட் என்றால் 0.25 பாயிண்ட் கோடு நிற்கும். சொரசொரப்பான ஹேண்ட்மேட் தாளில் ஸ்க்ரீன் பிரிண்டிங் என்றால் 0.5 பாயிண்டுக்குக் கீழே போகாதீர்கள். அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்துக்கும் அதே அளவுதான். சுற்றியுள்ள மை பரவிக் கோட்டை மூடிவிடும்.

'நந்தினி' என்ற பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டுப் பாருங்கள். 'N' எழுத்தில் நிற்கும் இரண்டு கோடும் மெல்லியவை, சாய்கோடு மட்டுமே தடிமன். மெல்லியவை அறுந்தால் சாய்ந்த பட்டை மட்டும் மிஞ்சும். ஆங்கிலச் சின்ன 'e'யின் குறுக்குக்கோடு போனால் அது 'c' ஆகிவிடும்.

அளந்து பார்ப்பது எளிது. கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் பெயரை உண்மையான அளவில் வைத்து, பக்கத்தில் 0.5 பாயிண்ட் (ஆர்ட் கார்டில் ஆஃப்செட் என்றால் 0.25) கோடு ஒன்று போட்டுப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தின் கோடு அதைவிட மெலிந்திருந்தால் அளவைக் கூட்டுங்கள், அல்லது வேறு எழுத்துக்கு மாறுங்கள். திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, அதன் பிறகே கர்வ் ஆக்குங்கள், அதாவது எழுத்தை வெறும் வடிவமாக மாற்றுங்கள்.

முகவரி, முகூர்த்த நேரம் போன்ற 9 பாயிண்ட் வரிகளுக்கு இந்த எழுத்து வேண்டாம். ஒரே குடும்பமாகத்தான் வேண்டும் என்றால் போடோனி மோடா என்ற எழுத்துருவில் ஆப்டிகல் சைஸ் (அச்சாகும் அளவுக்கேற்பக் கோட்டின் தடிமனை மாற்றும் அமைப்பு) 6 முதல் 96 வரை இருக்கிறது. சின்ன வரிக்குக் குறைந்த எண்ணை வையுங்கள், கோடு தானே தடிக்கும். பிளேஃபேரில் இலக்கங்கள் ஏறி இறங்கி நிற்கும். தேதிக்கு அது அழகு. தொலைபேசி எண்ணுக்கு எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும் லைனிங் இலக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த எழுத்துருக்களில் தமிழ் கிடையாது. பக்கத்தில் ஒரே தடிமனில் ஓடும் தமிழ் எழுத்து ஒட்டாது. நோட்டோ செரிஃப் தமிழ் போல் தடிப்பும் மெலிவும் உள்ளதை வையுங்கள். கூ, ழு போன்றவை கீழே இறங்குவதால் வரி இடைவெளி எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்காவது வேண்டும். ஓரங்களில் மஞ்சள் தடவுவீர்கள் என்பதால் நான்கு மூலையிலும் எழுத்து வராமல் 15 மி.மீ. விட்டுவிடுங்கள்.

கறுப்பு எழுத்தை நூறு சதம் கறுப்பு மையில் மட்டும் வையுங்கள். நான்கு நிறம் கலந்தால், ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டிய நிறங்கள் சற்று விலகினாலே மெல்லிய கோட்டின் ஓரத்தில் நிறம் தெரியும். ப்ரூஃபை (மாதிரி அச்சை) அதே தாளில், அதே முறையில் கேளுங்கள். லேசர் பிரிண்டைப் பார்த்து சரி சொல்லாதீர்கள். அதில் டோனர் கோட்டைத் தடிப்பாக்கிக் காட்டக்கூடும்.