கடலின் வெப்பக் கணக்கில் நாம் தடுமாறும் இடங்கள்

அரபிக்கடலின் மேற்பரப்பு அதிகம் சூடாவது ஏப்ரல், மே மாதங்களில். பல இடங்களில் 30 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வந்ததும் தண்ணீர் குளிரத் தொடங்கும். உடனே, "கடலின் வெப்பத்தைக் காற்று எடுத்துக்கொண்டு போய்விட்டது" என்று எழுதிவிடுகிறோம். இந்த விஷயத்தில் ஆகப் பெரிய தவறு இதுதான்.

நீர் குளிர்ந்தாலே அதன் வெப்பம் காற்றுக்குப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பருவக்காற்று வீசும்போது சோமாலியா, ஓமன் கரைகளை ஒட்டி ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. சோமாலியா ஓரத்தில் சில இடங்களில் வெப்பநிலை 20 டிகிரிக்கும் கீழே இறங்கும். கரையைத் தாண்டிய திறந்த கடலில் காற்றும் அலையும் மேல்நீரை அடியிலுள்ள குளிர்நீரோடு கலக்கின்றன. ஓமனுக்கு அப்பால் 1994-95ல் நங்கூரமிட்டு நிறுத்திய ஆய்வு மிதவை ஒன்றின் பதிவுகளைப் பார்த்தால், அந்தப் பருவக்காற்றுக் காலத்திலும் அங்கே கடல் மொத்தத்தில் வெப்பத்தைப் பெற்றுக்கொண்டுதான் இருந்தது. மேற்பரப்பு குளிர்ந்ததற்குக் காரணம் கீழே இருந்தது. மேற்பரப்பு வெப்பநிலைப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு கடலுக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்பப் பரிமாற்றத்தைப் பற்றி முடிவு சொல்லக்கூடாது என்பது இதனால்தான்.

அடுத்தது, சூடான நீர் குளிர்ந்த காற்றைத் தொட்டுத்தான் வெப்பம் கைமாறுகிறது என்ற எண்ணம். வெப்பமண்டலக் கடல்களில் இந்த வழியில் போவது பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 10 வாட் அளவுதான். ஆவியாதல் வழியாகப் போவது 100 வாட்டைத் தாண்டும். மண்பானை நீர் குளிர்வதும் இதே வேலையால்தான். 100 வாட் என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று பொருள். அந்த வெப்பம் உடனே காற்றைச் சூடாக்குவதும் இல்லை. நீராவி மேகமாக மாறும்போதுதான் வெளிப்படும், அதுவும் பல நூறு கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம்.

சரி, பலமான காற்று வீசினால் ஆவியாதலும் அதிகம்தானே? காற்றின் வேகம் பாதிக் கதைதான். அது எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்பது மீதிப் பாதி. தென்மேற்குக் காற்று வேகமானது, ஆனால் ஈரம் மிகுந்தது. குளிர்காலத்தில் நிலத்திலிருந்து வரும் வடகிழக்குக் காற்று அத்தனை வேகமில்லை என்றாலும் உலர்ந்தது. வட அரபிக்கடலில் அது மேல்நீரைக் குளிரவைத்து உப்பையும் கூட்டுகிறது. கனத்த நீர் கீழே இறங்க, கலப்பு 100 மீட்டர் ஆழம் வரைகூடப் போகும். இப்படி மேலே வரும் சத்துகளால் நுண்பாசி பெருகுவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆழத்தை மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஒரு மாதம் முழுக்க நிகரமாகச் சதுர மீட்டருக்கு 100 வாட் சேர்ந்து, அது கலப்பு அடுக்கிலேயே (காற்றும் அலையும் கலந்துவிடும் மேல்நீர் அடுக்கு) தங்கினால், 50 மீட்டர் அடுக்கு 1.3 டிகிரிதான் ஏறும். 20 மீட்டர் அடுக்கு 3 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். வெப்பம் அதேதான்.

வங்கக்கடலுக்கு இது ரொம்பவே பொருந்தும். கங்கை, பிரம்மபுத்திரா கொட்டும் நன்னீரும் மழையும் மேலே எடை குறைந்த அடுக்காகப் பரவி, கலப்பைத் தடுக்கின்றன. குளிர்காலத்தில் வட வங்கக்கடலின் மேற்பரப்பு குளிர்ந்திருக்கும், அதற்குக் கீழே அதைவிட வெதுவெதுப்பான நீர் இருக்கும். செயற்கைக்கோளில் குளிர்ச்சி தெரிகிறது என்பதற்காக வெப்பம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அரபிக்கடலின் கணக்கை அப்படியே இங்கே பொருத்தினாலும் தவறுதான் வரும்.

அப்புறம், கூட்டல், கழித்தல் குறி. சில தரவுத் தொகுப்புகளில் கடலுக்குள் வருவது கூட்டல், வேறு சிலவற்றில் கடலிலிருந்து வெளியேறுவது கூட்டல். இரண்டையும் பார்க்காமல் சேர்த்தால் பருவமே தலைகீழாகிவிடும். ஏப்ரலில் அரபிக்கடல் வெப்பத்தை இழப்பதாக உங்கள் வரைபடம் சொன்னால், விளக்கம் தேடுவதற்கு முன் குறியைச் சரிபாருங்கள்.