நாய் இருக்கிற வீட்டில் பினாயிலுக்குக் காசு கொடுக்காதீர்கள்

போன மாதம் சித்தி மகன் ஒரு நாட்டு நாய்க்குட்டியைத் தூக்கி வந்தான். மூன்றாவது வாரம் போன். "அக்கா, வீடு முழுக்க ஒரே நாத்தம். அஞ்சு லிட்டர் கேன் பினாயில் வாங்கி வச்சு ரெண்டு வேளையும் ஊத்தித் துடைக்கிறேன், போகவே மாட்டேங்குது." எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே காரியம். கேன்கூட அதே அளவு.

குட்டியை நேரத்துக்கு வெளியே கூட்டிப்போங்கள், மலத்தை உடனே அள்ளுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அக்கறையோடு உழைத்தும் காசு வீணாகிற இடங்கள் சில உண்டு. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

மூத்திரத்தின் மேல் பினாயில் ஊற்றுவது

மதுரையில் மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். மொசைக் தரை. எங்கள் மணி எப்போதும் பீரோ ஓரத்தில்தான் காலைத் தூக்குவான். நான் பினாயில் ஊற்றித் துடைப்பேன். வீடு ஆஸ்பத்திரி மாதிரி மணக்கும், சுத்தமாகிவிட்டது என்று நம்புவேன். மறுநாள் அதே மூலை. அவனுக்குத் திமிர் என்று நினைத்து அதட்டுவேன். பாவம், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை.

பினாயில் கிருமியைக் கொல்லும். தரைக்குள் இறங்கிய மூத்திரத்தை அது வெளியே எடுப்பதில்லை. அந்த வாடையின் மேல் இன்னொரு வாடையைப் போர்த்துகிறது. நமக்குப் போர்வைதான் தெரியும். நாய்க்கு அடியில் கிடப்பதும் தெரியும், நேற்றுப் போன இடம் இதுதான் என்று திரும்ப வரும். மூத்திரத்தில் உள்ள யூரியாவைப் பாக்டீரியா உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. மூக்கில் ஏறுவது அதுதான். மெருகு போன மொசைக்கும், டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமெண்டும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழைக்காலத்தில் 'எங்கிருந்தோ' நாற்றம் கிளம்புவது இதனால்தான்.

ஒரு நாள் பீரோவை நகர்த்தினேன். அதன் காலைச் சுற்றித் தரையில் துரு வட்டமாக ஏறியிருந்தது. பக்கத்துக் கட்டிலின் பிளைவுட் கால் ஊறிப்போய் அப்பளம் மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தது. அந்த மாதமே மணியின் உள்ளங்கால் சிவந்து, நக்கி நக்கிப் புண்ணானது. காலைப் பார்த்த கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "தரைக்கு என்ன போட்டுத் துடைக்கிறீங்க?" கருப்பு பினாயிலில் பீனால் வகை ரசாயனங்கள் இருக்கின்றன. ஈரத் தரையில் நடக்கிற நாயின் தோலில் அது படும். பாதத்தை நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். பூனையும் இருக்கிற வீடென்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

கட்டில், மருத்துவச் செலவு, காலி செய்யும்போது வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடித்துக்கொண்ட நாலாயிரம். எல்லாம் அந்தக் கேன் வைத்த செலவு. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நடுவில் ஒரு தடவை பினாயிலை விட்டுவிட்டு பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினேன். கண் எரிந்து, இருமல் வந்து, பால்கனிக்கு ஓடினேன். மூத்திரத்தின் அம்மோனியாவோடு பிளீச்சிங் சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு வரும். அதே தரையில் ஆசிட்டும் ஊற்றினால் குளோரின் வாயுவே கிளம்பும். விளையாட்டில்லை.

சரி, என்னதான் செய்வது? ஈரம் காய்வதற்குள் பழைய செய்தித்தாளை நாலாக மடித்துப் போட்டு, மேலே ஏறி நில்லுங்கள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் பரவும். தாள் காய்ந்து வரும்வரை மாற்றுங்கள். அப்புறம் வெறும் தண்ணீர் ஊற்றி, மறுபடி ஒற்றி எடுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும், செலவும் இல்லை. வழுவழு டைல்ஸ் என்றால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து பத்து நிமிடம் விட்டுத் துடைக்கலாம். மொசைக், மார்பிள், கடப்பா கல் என்றால் வினிகரைத் தொடாதீர்கள், அரித்துவிடும். அதற்குத் துணி துவைக்கிற பவுடர் போதும். பாக்கெட்டின் பின்னால் 'என்சைம்' என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு, நன்றாகக் கழுவிவிடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் என்சைம் செத்துவிடும்.

வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகக் கலப்பது

நன்றாகப் பொங்கும். அவ்வளவுதான். ஒன்றை ஒன்று முறித்துவிடும்.

மூலைக்கு மூலை பாச்சை உருண்டை

நாய் தின்றால் விஷம். வேண்டாம்.

முடியைப் பூந்துடைப்பத்தால் கூட்டுவது

முடி பறக்கும், ஃபேன் போட்டதும் சாம்பார்க் கிண்ணத்தில் இறங்கும். தண்ணீர் தள்ளுகிற ரப்பர் வைப்பரை எடுத்து, காய்ந்த தரையில் நம் பக்கமாக இழுங்கள். முடி பந்து பந்தாகத் திரளும். சோபாவுக்கு, பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே திசையில் தடவினால் போதும். முதலில் முடி, பிறகுதான் ஈரத்துணி. மாற்றிச் செய்தால் மாப்பில் முடி சிக்கி, வாளித் தண்ணீரே நாய் வாடை அடிக்கும்.

நாயை மட்டும் பார்த்து உண்ணி எடுப்பது

உண்ணி ரத்தம் குடிக்கத்தான் நாயிடம் வருகிறது. முட்டையிடுவது சுவர் விரிசலில், கதவு நிலையில், கட்டில் இடுக்கில். ஒரே பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் இடும். நாய்க்கு மருந்து போட்ட கையோடு விரிசல்களை வெள்ளை சிமெண்டால் அடைத்துவிடுங்கள். சிமெண்டு விலை ஒன்றும் பெரிதில்லை. உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை, ஊசி என்று போனால் தெரியும்.

நாற்றம் போக வாரா வாரம் குளிப்பாட்டுவது

தோல் வறண்டு முடி இன்னும் கொட்டும். நாற்றம் பெரும்பாலும் நாய் படுக்கிற துணியில்தான் இருக்கிறது. கடையில் விற்கிற மெத்தை வேண்டாம். கோணிக்குள் பழைய துணியைத் திணித்து, மேலே பழைய வேட்டியை உறை மாதிரி சுற்றுங்கள். வாரம் ஒருமுறை உறையை அவிழ்த்து, மாடிக் கைப்பிடிச் சுவரில் நாலு அடி அடித்து உதறிவிட்டு மெஷினில் போடுங்கள். உதறாமல் போட்டால் முடி ஃபில்டரில் போய் அடைக்கும். அதையும் ஒரு தடவை செய்துவிட்டு, மெக்கானிக் ஒரு கைப்பிடி வெள்ளை முடியை உருவி எடுத்துக் காட்டியபோது அசடு வழிந்து நின்றிருக்கிறேன்.