கேஎல் மழைக்கு கட்டர் மாட்டுறது எப்படி: டெரஸ் வீட்டுக்காரங்களுக்கு

கேஎல்ல (கோலாலம்பூர்ல) மழை எப்படி பெய்யும்னு இங்க இருக்கறவங்களுக்கு சொல்லத் தேவையில்ல, மத்தியானம் வரைக்கும் மண்டைய பொளக்கற வெயிலு, மூணு நாலு மணிக்கு கருக்க ஆரம்பிச்சா ஆபீஸ் விடறதுக்குள்ள லோங்காங் (ரோட்டோர மழைத்தண்ணி வடிகால்) நெரம்பி ரோட்டுக்கு ஏறிடும். எங்க அண்ணன் கூரை, கட்டர் (கூரை ஓரத்துல மழைத்தண்ணிய புடிச்சு பைப்புல விடற தொட்டி) வேலைதான் பாக்குறாரு, லீவு நாள்ல ஏணி புடிக்க நானும் போவேன். போற வீட்டுல பாதிக்கு மேல ஒரே புகார்தான், கட்டர் ஒழுகுதுன்னு. செந்தூல்ல ஒரு அம்மா நாங்க போறதுக்கு முன்னாலயே மூணு டியூப் சிலிக்கான் வாங்கி ரெடியா வச்சிருந்தாங்க, "தம்பி, இத அடிச்சு குடுத்தா போதும்தானே"ன்னு கேட்டாங்க. அண்ணன் மேல ஏறி பாத்துட்டு, "அம்மா, இது ஒழுகலம்மா, வழியுது. தண்ணி எறங்க வாய் பத்தல"ன்னாரு. இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சுட்டாலே பாதி காசு மிச்சம்.

மொதல்ல கணக்கு பாத்துடுவோம், கஷ்டமில்ல. 20 அடி அகல டெரஸ் வீடு (வரிசையா ஒட்டி கட்டின வீடு), முன்பக்க கூரை 25 அடி ஆழம்னு வச்சுக்குங்க, 500 சதுர அடி, அதாவது 46 சதுர மீட்டர். வலுவான மழையில ஒரு அஞ்சு நிமிசத்துக்கு மணிக்கு 240 மில்லிமீட்டர் வேகத்துல கொட்டும், அப்ப நிமிசத்துக்கு 180 லிட்டருக்கு மேல அந்த ஒரு கட்டர்ல வந்து விழுது. தண்ணி புடிச்சு வைக்கற நீல டிரம் இருக்கே, அது ஒரு நிமிசத்துல கிட்டத்தட்ட ரொம்பிடற மாதிரி. ஜேபிஎஸ் (மலேசிய நீர்ப்பாசன வடிகால் இலாகா) போட்டிருக்கற எம்எஸ்எம்ஏங்கற மழைநீர் மேனுவல்லயும் வருச மழைய வச்சு கணக்கு பண்ணச் சொல்லல, 20 வருசத்துக்கு ஒரு தடவ வர்ற அளவு மழையோட அஞ்சு நிமிச உக்கிரத்தத்தான் கூரை ஓரத்து கட்டருக்கு எடுக்கச் சொல்லுது. ரெண்டு கூரைக்கு நடுவுல மாட்டிகிட்ட பெட்டி கட்டருன்னா 100 வருச மழை, ஏன்னா அது வழிஞ்சா தண்ணி வெளிய போகாது, நேரா சீலிங்குக்குள்ளதான்.

இதனாலதான் யூடியூப் வீடியோவ பாத்து அப்படியே செய்யாதீங்கன்னு சொல்றேன். அதுல முக்காவாசி அமெரிக்கா, கனடாக்காரங்க போடறது, 5 இஞ்சு கட்டரு, 2 இஞ்சுக்கு 3 இஞ்சு சதுர பைப்பு. அவங்க கவலை வேற, பனி. டொரோண்டோவுல இருக்கற நம்மாளுங்கள கேட்டா தெரியும், வீட்டுக்குள்ள இருக்கற சூடு மேல ஏறி கூரையில இருக்கற பனிய உருக்கும், அந்த தண்ணி ஓரத்துக்கு வந்ததும் திரும்ப உறைஞ்சு ஐஸ் கட்டி அணை மாதிரி நின்னுக்கும், பின்னால தேங்கற தண்ணி ஓட்டுக்கு அடியில பூந்துடும். அதுக்கு கட்டர மாத்தி பிரயோஜனமில்ல, மேல சீலிங்குக்கு நல்லா இன்சுலேஷன் போட்டு சூட்ட அடைக்கணும். சரிஞ்சு வர்ற பனி கட்டர இழுத்துட்டு போயிடாம இருக்க கூரை சரிவோட கோட்டுக்கு கீழ தள்ளி மாட்டுவாங்க, பிராக்கெட்டும் நெருக்கமா போடுவாங்க. அங்க இருக்கற சொந்தக்காரங்களுக்கு அது சரி. நமக்கு பிரச்சன பாரம் இல்ல, வேகம்.

அதனால நம்ம ஊருல கட்டர் 6 இஞ்சுக்கு குறையாம இருக்கட்டும், எறங்கற பைப் 4 இஞ்சு. 3 இஞ்சுக்கும் 4 இஞ்சுக்கும் ஒரு இஞ்சுதானே வித்தியாசம்னு கடைக்காரர் சொல்லுவாரு, வாயோட பரப்ப கணக்கு பண்ணி பாருங்க, 7 சதுர இஞ்சுலேருந்து 12 அரைக்கு போகுது. இன்னும் நல்ல வழி, கட்டருக்கு நடுவுல உசரம் வச்சு ரெண்டு பக்கமும் சரிவு குடுத்து ரெண்டு ஓரத்துலயும் பைப் எறக்கறது, ஒண்ணு அடைச்சாலும் இன்னொண்ணு ஓரளவு சமாளிக்கும். பைப் காசுல மிச்சம் புடிக்காதீங்க, வேணும்னா கட்டர் கலர்ல மிச்சம் புடிங்க.

எதுல செஞ்ச கட்டரு வாங்கறது? ஜிஐ தகரம் (ஜிங்க் பூசின இரும்புத் தகடு) மலிவு, வளைக்க சுலபம், ஆனா வெட்டின எடத்துல துரு ஆரம்பிக்கும். பினாங்குல தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி பக்கம் கடல் உப்புக்காத்துல அது சீக்கிரமே போயிடும், அந்த பக்கத்து ஆளுங்க அலுமினியமோ யூபிவிசியோ (கெட்டி பிளாஸ்டிக்) பாருங்க. யூபிவிசி துருப்புடிக்காது, வெயில்ல நீளும். 6 மீட்டர் நீளத்துக்கு 30 டிகிரி சூடு ஏறுனா 10 மில்லிக்கு மேல வளரும், அதனால ஜாயிண்டுல இடைவெளி விடணும், கோந்து போட்டு ரெண்டு முனையும் இறுக்கி கட்டிப்போட்டீங்கன்னா அது வளைஞ்சு எங்கயாவது பொளந்துக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடறவங்களும் இருக்காங்க, காசு இருந்தா போடுங்க, குறை சொல்ல ஒண்ணுமில்ல.

சரி, வேலைக்கு வருவோம். காலையில பசியாறிட்டு எட்டு மணிக்கெல்லாம் ஏணி வச்சிடணும், மத்தியானத்துக்கு மேல வானத்த நம்ப முடியாது. இடி கேக்குதுன்னா ஸ்குரூவ பாதியில விட்டுட்டு எறங்கிடுங்க, அலுமினிய ஏணி மேல நின்னு வீரம் காட்டற எடமில்ல இது. இன்னொண்ணு, பழைய தாமான் (குடியிருப்பு) வீட்டுல டிஎன்பி (மின்சார வாரியம்) கம்பி போஸ்ட்லேருந்து நேரா வீட்டு முன்பக்க கூரை ஓரத்துக்குத்தான் வரும், நீங்க கட்டர் மாட்டப்போற அதே எடம். கம்பி உறை வெடிச்சிருந்தாலோ கை எட்டற தூரத்துல இருந்தாலோ நீங்களா தொடாதீங்க, டிஎன்பிக்கு சொல்லி அவங்கள வரச்சொல்லுங்க. ஏணி சாய்மானம் நாலுக்கு ஒண்ணு, 12 அடி உசரத்துக்கு சாச்சா அடி 3 அடி தள்ளி இருக்கணும், கீழ ஒரு ஆளு கண்டிப்பா. கூரை பழைய அஸ்பெஸ்டாஸ் தகடுன்னா அத டிரில் பண்றதோ அறுக்கறதோ வேண்டாம், அந்த தூசி நுரையீரலுக்கு எமன், தெரிஞ்ச ஆள கூப்புடுங்க.

பழைய கட்டர கழட்டினதும் பின்னால இருக்கற பலகைய பாருங்க, பாசியா போர்டுன்னு சொல்றது. வெளிய பெயிண்ட் நல்லா பளிச்சுன்னுதான் இருக்கும், அத நம்பாதீங்க, ஒரு ஸ்குரூடிரைவர எடுத்து ஒவ்வொரு அடிக்கும் ஒரு குத்து குத்திப் பாருங்க. டொக்குன்னு நின்னா பலகை உயிரோட இருக்கு, கேக்குல குத்துன மாதிரி சத்தமில்லாம உள்ள போனா அந்த துண்ட மாத்தியே ஆகணும். சில வீட்டுல ஸ்குரூடிரைவர உருவுனா கூடவே கரையான் வரும். மக்கிப்போன பலகையில எவ்வளவு நல்ல பிராக்கெட் அடிச்சாலும் நிக்காது, ஏன்னா 6 இஞ்சுக்கு 5 இஞ்சு கட்டரு 20 அடி நீளத்துக்கு ரொம்பி நின்னா தண்ணி மட்டுமே 110 கிலோவுக்கு மேல. அதனால பிராக்கெட் ரெண்டு அடிக்கு ஒண்ணு, முடிஞ்சா உள்ள இருக்கற மரச்சட்ட முனையில ஏறற மாதிரி, ஸ்குரூ ஸ்டெயின்லெஸ்.

சரிவுக்கு 10 அடிக்கு கால் இஞ்சுலேருந்து அரை இஞ்சு வரைக்கும் போதும். நெறைய குடுத்தா கீழேருந்து பாக்க கோணலா தெரியும், உசரமான பக்கம் கூரை ஓட்டுல முட்டும், தாழ்ந்த பக்கம் ஓட்டுக்கும் கட்டருக்கும் நடுவுல சந்து விழுந்து தண்ணி வெளிய தாவிடும். ஸ்பிரிட் லெவல நம்பறத விட தண்ணி ஊத்துன டியூப வச்சு ரெண்டு முனையும் மட்டம் பாத்து, அதுலேருந்து எறக்கி நூல் புடிங்க. பலகையே கோணலா இருக்கற வீடு நெறைய, பலகைய பாத்து மாட்டாதீங்க, நூல பாத்து மாட்டுங்க. ஓட்டு முனை கட்டருக்குள்ள ரெண்டு இஞ்சு நீட்டிகிட்டு இருக்கணும், ஓட்டுக்கு கீழ விரிச்சிருக்கற அலுமினிய ஃபாயில் இருந்தா அதோட முனையும் கட்டருக்குள்ள விழணும், பலகைக்கு பின்னால மடங்கிடக்கூடாது.

இப்ப சொல்றது பல பேரு கவனிக்காதது. கட்டரோட வெளி விளிம்பு உள் விளிம்ப விட ஒரு அரை இஞ்சு தாழ்ந்து இருக்கணும். எப்படிப்பட்ட கட்டரும் என்னைக்காவது ஒரு நாள் ரொம்பும், அன்னைக்கு தண்ணி கார் போர்ச் பக்கம் வழியட்டும், ஹால் சீலிங் பக்கம் வேண்டாம். அழகுக்காக முன்பக்கம் உசரமா வச்ச டிசைன் கட்டரு சில புது வீட்டுல இருக்கு, அப்படி இருந்தா ரெண்டு முனை மூடியிலயும் மேல் பக்கமா ஒரு ஓட்ட போட்டு விடுங்க.

ஜாயிண்டுக்கு ஒண்ணு மேல ஒண்ணு ரெண்டு இஞ்சு ஏத்தி, தண்ணி வர்ற பக்கத்து துண்டு மேலயும் போற பக்கத்து துண்டு அடியிலயும் இருக்கற மாதிரி வச்சு, நடுவுல சிலிக்கான் போட்டு ரிவெட் அடிங்க. சிலிக்கான் வாங்கும்போது நியூட்ரல்னு கேட்டு வாங்குங்க. தொறந்தா வினிகர் வாடை அடிக்கற மலிவு சிலிக்கான் கண்ணாடிக்கு சரி, தகரத்துல போட்டா அந்த ஆசிட்டு ஜிங்க் பூச்சையே தின்னுடும், நீங்க அடைச்ச எடத்துலயே ஓட்ட விழும். ஈரத்து மேல எந்த சிலிக்கானும் ஒட்டாது, துணியால தொடச்சு காய விட்டு போட்டு, ஒரு நாளாவது தண்ணி படாம பாத்துக்கணும். நம்ம ஊருல அது லாட்டரிதான், ஒரு பிளாஸ்டிக் ஷீட்ட தயாரா வச்சுக்குங்க.

கீழ எறங்கற பைப் போய் சேர வேண்டியது லோங்காங். பக்கத்துல மூடி இருக்கே, சொருகிடலாம்னு இண்டா வாட்டர் மேன்ஹோலுக்குள்ள விடறவங்க இருக்காங்க, அது கழிவுநீர் லைன், மழைத்தண்ணி அதுல போகவே கூடாது, பெருமழைக்கு திருப்பி அடிச்சா உங்க பாத்ரூம்லதான் வந்து நிக்கும். மேல் கூரை தண்ணிய கார் போர்ச் கூரை மேல விடறதா இருந்தா போர்ச் கட்டருக்கு ரெண்டு கூரை பரப்பையும் சேத்து கணக்கு போடுங்க. செந்தூல் அம்மா வீட்டுல நடந்தது அதுதான், புதுசா பாலிகார்பனேட் ஆனிங் (நிழல் கூரை) போட்ட ஆளு அதோட தண்ணியையும் பழைய 3 இஞ்சு பைப்புலயே சேத்து விட்டுட்டு போயிட்டாரு.

பின்னால சமையக்கட்ட நீட்டி கட்டினவங்க வீட்டுல, பழைய கூரையும் புது கூரையும் சேர்ற எடத்துல ஒரு பெட்டி கட்டர் ஒளிஞ்சிருக்கும். அத நீங்களா செய்யாதீங்க, நல்ல ஆளா பாத்து குடுங்க, அகலமா ஒரு கால் வைக்கற அளவுக்கு இருக்கணும்னு சொல்லுங்க, இல்லன்னா உள்ள விழுந்த குப்பைய யாரும் எடுக்க முடியாது. ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுங்களுக்கும் இதே தலைவலிதான், ஆனா அங்க 2008-லேருந்து யுனெஸ்கோ பாரம்பரிய பகுதி, கூரையில கை வைக்கறதுக்கு முன்னால மாநகர் மன்றத்த கேட்டுக்குங்க.

மாட்டி முடிச்சதும் ரப்பர் பைப்ப உசரமான பக்கத்துல விட்டு அஞ்சு நிமிசம் ஓட விடுங்க, நிறுத்தின பிறகு எங்கயாவது தண்ணி நிக்குதான்னு ஏறி பாருங்க. ரெண்டு விரக்கடை தண்ணி நின்னாலும் ஏடிஸ் கொசுக்கு அது போதும், ஒரு வாரம் பத்து நாள்ல பறக்க ஆரம்பிச்சிடும். நோய் பரப்பற பூச்சிய ஒழிக்கற 1975-ஆம் வருச சட்டப்படி வீட்டுல கொசுப்புழு கண்டுபிடிச்சா 500 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் கம்பவுண்ட் (அபராதம்) போடலாம், கட்டர்ல இருந்தாலும் அது உங்க வீடுதான். அங்சானா மரம் பக்கத்துல இருந்தா எலை கம்பி வலைக்கு மேலயும் படிஞ்சு அடைக்கும், அதனால வலை போட்டாச்சுன்னு மறந்துடாதீங்க. ஏப்ரல் மழைக்கு முன்னால ஒரு தடவ, அக்டோபருக்கு முன்னால ஒரு தடவ ஏறி அள்ளி போட்டுடுங்க, மைனா கூடு கட்டியிருந்தா அதையும் பாத்துக்குங்க.

ரெண்டு மாடிக்கு மேல போற வேலைன்னா கண்ட்ராக்டர்கிட்ட விடறதுதான் நல்லது. அடிக்கு இவ்வளவுன்னு வெல சொல்லுவாங்க, அதுல பைப், பழசு கழட்டறது, மக்கின பலகை மாத்தறது, சாரம் எல்லாம் சேத்தியான்னு கேட்டு பேப்பர்ல எழுதி வாங்கிக்குங்க. காச மொத்தமா குடுத்துடாதீங்க, ஒரு பங்கு நிறுத்தி வச்சு, நல்ல மழை ஒண்ணு பேஞ்சு நான் குடை புடிச்சு வெளிய நின்னு பாத்த பிறகுதான் பாக்கின்னு ஆரம்பத்துலயே பேசிடுங்க. அக்டோபர்ல வேலை நடந்தா அவரும் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்காது.